குரோமியத்துக்கு +10 வருதே மிஸ்: ஆக்சிஜனேற்ற எண் எங்க சரியா வரும், எங்க ஏமாத்தும்

போன வாரம் டியூஷன்ல ஒரு ப்ளஸ் ஒன் பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா, "மிஸ், எனக்கு +10 வருது மிஸ், ஆன்சர் கீ-ல +6-னு போட்டிருக்கு, கீ தப்பா மிஸ்?"னு. சம் என்னன்னு பாத்தா சிஆர்ஓ5, ஒரு குரோமியம், அஞ்சு ஆக்சிஜன், அதுல குரோமியத்தோட ஆக்சிஜனேற்ற எண் என்னன்னு கேள்வி. அவ போட்டது இப்டி: ஆக்சிஜன் ஒண்ணுக்கு -2, அஞ்சுக்கு -10, மூலக்கூறுக்கு மின்சுமை கிடையாது, அதனால எல்லாத்தையும் கூட்டினா 0 வரணும், அப்போ குரோமியம் +10. கூட்டல் கழித்தல்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா பதில் தப்பு. குரோம்பேட்டைல வீட்டு மாடில நான் கெமிஸ்ட்ரி எடுக்கறேன், வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இந்த +10-ஓட வந்து நிப்பாங்க, அப்டி வர்ற புள்ளைங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அவங்க மனப்பாடம் பண்ணாம நிஜமாவே போட்டுப் பாத்திருக்காங்கன்னு அர்த்தம்.

அவகிட்ட திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குரோமியத்துக்கு வெளில எத்தனை எலக்ட்ரான் இருக்கு? 3டி-ல அஞ்சு, 4எஸ்-ல ஒண்ணு, மொத்தம் ஆறு மிஸ்னா. ஆறு ரூபா வெச்சிருக்கவன் பத்து ரூபா குடுத்தான்னு நோட்டுல எழுதலாமாம்மா? கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு, "அப்ப ஆக்சிஜன்ல ஏதோ இருக்கு மிஸ்"னு சொன்னா. அந்த "ஏதோ" என்னன்னுதான் இந்தக் கட்டுரை. ஏன்னா ரூல்ஸை எல்லாரும் சொல்லித் தர்றாங்க, அந்த ரூல்ஸ் எங்கேருந்து வருதுன்னு சொல்லாம விட்டுடறாங்க, அதனால விதிவிலக்குன்னு ஒரு பட்டியல் தனியா முளைச்சு, புள்ளைங்க அதையும் சேத்து மனப்பாடம் பண்ணுதுங்க.

முதல்ல ஒண்ணை மனசுல போட்டுக்கணும். ஆக்சிஜனேற்ற எண் அந்த அணு மேல நிஜமா இருக்கற மின்சுமை இல்ல. பெர்மாங்கனேட்டுல மாங்கனீஸ் +7-னு எழுதறோம், ஆனா அந்த அணு மேல உண்மைல இருக்கற மின்சுமை +7-க்குக் கிட்டகூட வராது. இது பட்டா மாதிரி. நிலத்தை அக்கா தம்பி ரெண்டு பேரும் சேந்து உழுவாங்க, நெல்லு ரெண்டு வீட்டுக்கும் போகும், ஆனா பட்டா ஒருத்தர் பேர்லதான் இருக்கும். ரெண்டு அணு சேந்து ஒரு பிணைப்பு போட்டா அதுல ரெண்டு எலக்ட்ரான் இருக்கு, நிஜத்துல அதை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறாங்க, நம்ம என்ன பண்றோம், யாருக்கு இழுக்கற சக்தி ஜாஸ்தியோ அவங்க பேர்ல ரெண்டு எலக்ட்ரானையும் முழுசா எழுதிடறோம். ஒரே தனிமத்தோட ரெண்டு அணுவா இருந்தா ஆளுக்குப் பாதி. அவ்ளோதான் விதி, மத்ததெல்லாம் இதுலேருந்து வர்றதுதான்.

இழுக்கற சக்தின்னா எலக்ட்ரான் கவர்தன்மை. லைனஸ் பாலிங் 1932-ல இதுக்கு ஒரு அளவுகோல் குடுத்தார், இன்னிக்கு நம்ம பயன்படுத்தற அட்டவணைல ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, சல்ஃபர் 2.58, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. இந்த வரிசை ஞாபகம் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

தண்ணியை எடுங்க. நடுவுல ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன். ஒவ்வொரு பிணைப்புலயும் ஹைட்ரஜன் போட்ட எலக்ட்ரானை ஆக்சிஜன் பேர்ல எழுதறோம், ஆக்சிஜனுக்கு ரெண்டு கூடுது, எலக்ட்ரான் நெகட்டிவ்ங்கறதால -2. ஹைட்ரஜனுக்கு ஆளுக்கு ஒண்ணு போச்சு, +1. இப்ப ஹைட்ரஜன் பெராக்சைடு, காயத்துல ஊத்தினா நுரை நுரையா பொங்குமே அது. அதுல ஹைட்ரஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்னு வரிசையா கோத்திருக்கு. ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல இருக்கற பிணைப்புல யாருக்கும் லாபம் இல்ல, சமபங்கு. ஹைட்ரஜன்கிட்டேருந்து மட்டும் ஆளுக்கு ஒண்ணு. அதனால -1. "பெராக்சைடுல ஆக்சிஜன் -1"னு தனியா மனப்பாடம் பண்ண வேண்டிய விதிவிலக்கே இல்ல இது, அதே விதிதான்.

இப்ப அந்தப் பொண்ணோட சம்முக்கு வாங்க. சிஆர்ஓ5-ல அஞ்சு ஆக்சிஜனும் ஒரே மாதிரி இல்ல. ஒண்ணு தனியா குரோமியத்தோட இரட்டைப் பிணைப்புல இருக்கு, மீதி நாலும் ஜோடி ஜோடியா கைகோத்துக்கிட்டு ரெண்டு பெராக்சைடா குரோமியத்தைப் பிடிச்சிருக்கு, படம் போட்டா பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி ரெண்டு முக்கோணம் வரும். தனியா இருக்கறவர் -2, ஜோடில இருக்கற நாலு பேர் ஆளுக்கு -1, மொத்தம் -6. குரோமியம் +6, அவர்கிட்ட இருக்கற ஆறும் கரெக்டா செலவாகிடுச்சு. நான் போர்டுல அந்த றெக்கையைப் போட்டு முடிக்கறதுக்குள்ள அவளே பின்னாடிலேருந்து "+6 மிஸ்"னு சொல்லிட்டா.

இதே வலை கந்தகத்துலயும் இருக்கு. கேரோ அமிலம், எச்2எஸ்ஓ5, கண்ணை மூடிட்டு போட்டா சல்ஃபர் +8 வரும், சல்ஃபருக்கு வெளில ஆறே எலக்ட்ரான்தான், அப்ப உள்ள எங்கயோ ஒரு பெராக்சைடு ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சுக்கணும், போட்டுப் பாத்தா +6. வெளில இருக்கற எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தாண்டி ஒரு எண் வந்தா பேனாவை வெச்சுட்டுப் படத்தைப் போடுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். (இருக்கறதுலயே உச்சம் எதுன்னு பசங்க கேப்பாங்க, 2014-ல வாயு நிலைல ஒரு இரிடியம், நாலு ஆக்சிஜன், +1 மின்சுமை இருக்கற அயனியைக் கண்டுபிடிச்சாங்க, அதுல இரிடியம் +9. இரிடியத்துக்கு வெளில ஒன்பது எலக்ட்ரான், அங்கயும் கணக்கு இடிக்கல.)

எல்லாத்துக்கும் படம் போட்டுட்டு இருக்க முடியாது, பரீட்சைல நேரம் கிடையாது, அதனாலதான் குறுக்குவழி ரூல்ஸ். தனியா இருக்கற தனிமத்துக்கு 0, அது சோடியமோ, ஆக்சிஜன் வாயுவோ, எட்டு அணு வளையமா இருக்கற சல்ஃபரோ. ஒத்தை அணு அயனிக்கு அதோட மின்சுமையே எண். மொத்தத்தையும் கூட்டினா சேர்மத்துக்கு 0, அயனிக்கு அதோட மின்சுமை. அப்புறம் யாருக்கு முன்னுரிமைன்னு ஒரு வரிசை: ஃபுளூரின் சேர்மத்துல எப்பவும் -1, முதல் குரூப் உலோகம் +1, ரெண்டாவது குரூப் +2, அலுமினியம் +3, அடுத்து ஹைட்ரஜன் +1, அதுக்கும் அடுத்துதான் ஆக்சிஜன் -2. ரெண்டு ரூல் மோதினா வரிசைல முன்னாடி இருக்கறது ஜெயிக்கும். இந்த வரிசையை மட்டும் நிறைய பேர் சொல்லித் தர்றதில்ல, ஆனா இதுலதான் எல்லாமே இருக்கு. சோடியம் ஹைட்ரைடுல சோடியம் முன்னாடி வந்து +1 எடுத்துக்குது, ஹைட்ரஜனுக்கு -1. ஹைட்ரஜன் பெராக்சைடுல ஹைட்ரஜன் முன்னாடி, ஆக்சிஜனுக்கு -1. பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு, ஒரு பொட்டாசியம் ரெண்டு ஆக்சிஜன், பொட்டாசியம் +1, ஆக்சிஜனுக்கு ஆளுக்கு -½. ஆக்சிஜன் டைஃபுளூரைடுல ஃபுளூரின் ரெண்டும் சேந்து -2, பாவம் ஆக்சிஜனுக்கு +2. சிஆர்ஓ5-ல இந்த வரிசை நம்மளக் கைவிடுது, ஏன்னா அங்க ஆக்சிஜனுக்கு முன்னாடி நிக்க வேற யாருமே இல்ல.

அந்த ஆக்சிஜன் டைஃபுளூரைடுகிட்ட ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா தமிழ்ல படிக்கறவங்களுக்கு ஒரு குழப்பம் சொல்லுலயே இருக்கு. ஆக்சிஜனேற்றம்னா ஆக்சிஜனை ஏத்தறதுன்னுதான் காதுல விழுது. பேர் வந்ததும் அப்டித்தான், 1770-கள்ல லவாய்சியே எரியறதுக்கும் துருப்பிடிக்கறதுக்கும் காத்துல இருக்கற ஆக்சிஜன்தான் காரணம்னு காட்டின காலத்துலேருந்து ஒட்டிக்கிட்ட பேர். அப்புறம் எலக்ட்ரானைப் பத்தித் தெரிஞ்சதும் அர்த்தம் விரிஞ்சுது, பேர் மட்டும் பழசாவே தங்கிடுச்சு. சோடியமும் குளோரினும் சேந்து உப்பாகும்போது பக்கத்துல ஆக்சிஜனே கிடையாது, ஆனா சோடியம் ஆக்சிஜனேற்றம் ஆகுது. ஃபுளூரின்கிட்ட மாட்டினா ஆக்சிஜனுக்கே ஆக்சிஜனேற்றம் நடக்குது. அதனால சொல்லை அப்டியே பிடிச்சுக்காம, எலக்ட்ரான் கைய விட்டுப் போனா எண் ஏறும், அது ஆக்சிஜனேற்றம், எலக்ட்ரான் வந்தா எண் இறங்கும், அது ஒடுக்கம்னு எண்ணை வெச்சே பாக்கணும்.

அயனில பசங்க விடற தப்பு பெரும்பாலும் ரெண்டே இடத்துல. டைகுரோமேட்டை எடுங்க, ரெண்டு குரோமியம், ஏழு ஆக்சிஜன், மொத்த மின்சுமை -2. 2எக்ஸ் - 14 = -2, அப்போ 2எக்ஸ் = 12, எக்ஸ் = +6. இங்க பழக்கதோஷத்துல வலது பக்கம் 0 போட்டா +7 வந்துடும், குரோமியத்துக்கு +7 வர வழியே இல்ல. இன்னொண்ணு 12-லயே நிறுத்திட்டு +12-னு எழுதிட்டு அடுத்த சம்முக்குப் போறது, அது மொத்த குரோமியத்தோட கணக்கு, நம்ம கேட்டது ஒரு அணுவுக்கு. பெர்மாங்கனேட் எக்ஸ் - 8 = -1, +7. அமோனியம் எக்ஸ் + 4 = +1, நைட்ரஜன் -3. நைட்ரேட் +5, சல்ஃபேட் +6, பாஸ்பேட் +5, இதெல்லாம் ரெண்டு தடவை கையால போட்டா தானா பதிஞ்சிடும். அணைவுச் சேர்மம்னா உள்ள இருக்கற கூட்டத்தை ஒரே ஆளா நெனச்சுக்கணும்: பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடுல நாலு பொட்டாசியம் +4, ஆறு சயனைடு -6, இரும்பு +2. ஃபெர்ரிசயனைடுல மூணே பொட்டாசியம், இரும்பு +3. நிக்கல் டெட்ராகார்போனைல்ல கார்பன் மோனாக்சைடுக்கு மின்சுமை கிடையாது, நிக்கல் 0, சேர்மத்துக்குள்ள இருந்தும் 0.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இந்தக் கூட்டல் கணக்கு நமக்குத் தர்றது சராசரி. ஒரே தனிமம் ஒரு சேர்மத்துல ரெண்டு வேற வேற நிலைல இருந்தா கணக்கு அதைச் சொல்லாது, மொத்தத்தைக் கூட்டி வகுத்துக் குடுத்துட்டுப் போயிடும்.

ப்ளீச்சிங் பவுடர். 2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சப்புறம் நம்ம தெரு பூரா வெள்ளை வெள்ளையா கொட்டிக் கிடந்துச்சே, சம்ப் கழுவும்போது போடறோமே, அதேதான். பாடப்புத்தகத்துல அது ஒரு கால்சியம், ஒரு ஆக்சிஜன், ரெண்டு குளோரின். கால்சியம் +2, ஆக்சிஜன் -2, அப்ப குளோரின் ரெண்டும் சேந்து 0, ஆளுக்கு 0. தனிமம் மாதிரி 0-ன்னு வருது, ஆனா டப்பாவுக்குள்ள குளோரின் வாயுவா அடைச்சிருக்கு? இல்ல. ஒரு குளோரின் சாதாரண குளோரைடு, -1, நம்ம சமையல் உப்புல இருக்கற அதே ஆள். இன்னொரு குளோரின் ஆக்சிஜனோட சேந்து ஹைப்போகுளோரைட்டா இருக்கு, அங்க ஆக்சிஜன்தான் பெரிய ஆள், அதனால குளோரினுக்கு +1. கிருமியைக் கொல்ற வேலையெல்லாம் இந்த +1 செய்யறது. சரி, அப்ப அந்தச் சராசரி 0 வெறும் பொய்யா? அதுவும் இல்ல. இதுமேல ஆசிட் ஊத்துங்க, -1-ம் +1-ம் ஒண்ணுக்கொண்ணு மோதி ரெண்டும் 0-ல வந்து நிக்கும், 0-ன்னா குளோரின் வாயு, முதல் உலகப்போர்ல ஆளைக் கொல்றதுக்குத் திறந்துவிட்ட அதே வாயு. பாத்ரூம் கறை போகலைன்னு ப்ளீச்சிங் பவுடரைத் தூவி மேல டாய்லெட் ஆசிட்டை ஊத்தி, கதவையும் சாத்திக்கிட்டுத் தேய்க்கறவங்களை நான் பாத்திருக்கேன், என் வீட்லயே வேலைக்கு வந்த அக்கா செய்யப் போய் ஓடிப் போய்த் தடுத்திருக்கேன். தயவுசெஞ்சு ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, வீட்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

அமோனியம் நைட்ரேட்டும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 4-ந்தேதி பெய்ரூட் துறைமுகத்துல வெடிச்சது அது, 2,750 டன். அது வெடிச்ச கையோட நம்ம சென்னை மணலில கன்டெய்னர்கள்ல இருந்த சுமார் 700 டன் பத்தி எல்லாருக்கும் பயம் வந்து, அந்த மாசமே ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கும். அதோட கணக்கைப் போடுங்க: ரெண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன், மூணு ஆக்சிஜன், 2எக்ஸ் + 4 - 6 = 0, நைட்ரஜன் +1. பரீட்சைல இப்டி எழுதினா மார்க் போயிடும், அது அமோனியம், நைட்ரேட்னு ரெண்டு அயனி, பிரிச்சுத்தான் போடணும், ஒரு நைட்ரஜன் -3, இன்னொண்ணு +5. கீழ இருக்கறவருக்கு எலக்ட்ரான் நெறைய இருக்கு, மேல இருக்கறவர் எலக்ட்ரானுக்கு ஏங்கிக்கிட்டு இருக்கார், ரெண்டு பேரும் ஒரே படிகத்துக்குள்ள பக்கத்துல பக்கத்துல. இந்த உப்போட ஆபத்து முழுக்க இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுல இருக்கற எட்டு படி வித்தியாசத்துலதான் இருக்கு. மெதுவா சூடு பண்ணினா -3 நாலு படி ஏறி, +5 நாலு படி இறங்கி, நைட்ரஸ் ஆக்சைடா வெளிய வரும், அதுல நைட்ரஜனோட சராசரி எவ்ளோன்னு பாருங்க, அதே +1. நம்ம தப்புன்னு அடிச்சுட்ட நம்பர், ரெண்டு பேரும் சமாதானமாகிற இடமா திரும்பி வந்து நிக்குது. வெடிக்கும்போது அது வேற, நேரா நைட்ரஜன் வாயு, 0.

பின்னமா வந்தாலும் இதையேதான் நெனைக்கணும். சேலம் கஞ்சமலைல கெடைக்கற மேக்னடைட், மூணு இரும்பு நாலு ஆக்சிஜன், கணக்குப்படி 8/3. பின்ன எலக்ட்ரானை எந்த இரும்பும் குடுக்கல, ஒரு இரும்பு +2, ரெண்டு இரும்பு +3. டெட்ராதயோனேட்டுல சல்ஃபர் +2.5-னு வரும், நாலு சல்ஃபர் வரிசையா இருக்கு, ஓரத்துல ரெண்டும் ஆக்சிஜனோட இருக்கறதால +5, நடுவுல ரெண்டும் ரெண்டு பக்கமும் சல்ஃபர்தான், சமபங்கு, அதனால 0.

ஆனா எலக்ட்ரான் எத்தனை கைமாறுதுன்னு எண்ண மட்டும் சராசரியே போதும், இதையும் சொல்லிடணும், இல்லன்னா பசங்க எல்லாத்துக்கும் படம் போட ஆரம்பிச்சுடுவாங்க. எத்தனாலை எடுங்க, கார்பனோட சராசரி -2. பிரிச்சுப் பாத்தா ஓரத்து கார்பன் -3, ஆல்கஹால் பக்கம் இருக்கற கார்பன் -1. அது அசிட்டிக் அமிலமானா சராசரி 0, பிரிச்சா -3, +3. சராசரியை வெச்சா ரெண்டு கார்பன், ஆளுக்கு 2 ஏறுது, மொத்தம் 4 எலக்ட்ரான். பிரிச்சுப் பாத்தா ஓரத்து கார்பன் நகரவே இல்ல, இன்னொண்ணு -1-லேருந்து +3, அதே 4. எண்ணிக்கை மாறல, எந்த அணுகிட்ட சம்பவம் நடந்துச்சுங்கறதுதான் பிரிச்சா தெரியும். குடிச்சுட்டு ஓட்டறவங்களைப் பிடிக்கப் பழைய காலத்துல வெச்சிருந்த ஊதற கருவில இதேதான் நடந்துச்சு, மூச்சுல இருக்கற எத்தனாலை டைகுரோமேட் ஆக்சிஜனேற்றம் பண்ணும், குரோமியம் +6-லேருந்து +3-க்கு இறங்கும், ஆரஞ்சு நிறம் பச்சையாகும். ஒரு குரோமியம் 3 எலக்ட்ரான் வாங்குது, ஒரு எத்தனால் 4 குடுக்குது, அப்ப 4 குரோமியத்துக்கு 3 எத்தனால், சமன்பாட்டை சமப்படுத்தற வேலை அதோட பாதி முடிஞ்சுது.

அந்த +6-ம் +3-ம் எங்க ஊருக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். குரோம்பேட்டைங்கற பேரே குரோம் லெதர் கம்பெனின்னு இங்க இருந்த பழைய தோல் தொழிற்சாலைலேருந்து வந்தது, தினமும் எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல வர்றவங்களே நெறைய பேருக்குத் தெரியாது. 1884-ல அமெரிக்கால அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் பேடன்ட் வாங்கின முறைல தோலை முதல்ல டைகுரோமேட்டுல ஊற வெப்பாங்க, அது +6, அப்புறம் ஹைப்போவும் (சோடியம் தயோசல்ஃபேட்) ஆசிட்டும் இருக்கற ரெண்டாவது தொட்டில போடுவாங்க, அங்க தோலுக்கு உள்ளயே குரோமியம் +3-க்கு இறங்கும். தோலைப் பதப்படுத்தறது அந்த +3-தான், அது தோல்ல இருக்கற கொலாஜன் புரதத்தோட கார்பாக்சில் கூட்டங்களைப் பிடிச்சு இழையோட இழையைக் கட்டிப் போடுது, அதுக்கப்புறம் தோல் அழுகாது. 1893-ல மார்ட்டின் டென்னிஸ் நேரடியா +3 உப்பையே ஒரே தொட்டில போடலாம்னு காட்டினார், இன்னிக்கு ஆலைகள்ல ஓடறது அந்த வழிதான், குரோமியம் சல்ஃபேட். அடையாறுல 1948-லேருந்து இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துலயும் இந்த குரோமியத்தைக் கழிவுல போகாம பிடிச்சு வெக்கறதுக்கு வருஷக்கணக்கா உழைச்சிருக்காங்க.

அதே குரோமியம் +6-ல இருந்தா நஞ்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனுஷனுக்குப் புற்றுநோய் தர்ற முதல் வகைல வெச்சிருக்கு, +3-ஐ அப்டி வெக்கல. ஏன் இந்த வித்தியாசம்? குரோமேட் அயனி பாக்கறதுக்கு அச்சு அசல் சல்ஃபேட் மாதிரி, நடுவுல ஒரு அணு, சுத்தி நாலு ஆக்சிஜன், மின்சுமை -2. சல்ஃபேட்டுக்குன்னு செல்லுல இருக்கற வாசல் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி உள்ள போயிடுது, உள்ள போய் +3-க்கு இறங்கற வழில டிஎன்ஏ-வைக் கெடுக்குது. +3-க்கு அந்த வாசல் திறக்காது. ராணிப்பேட்டைல 1990-கள்ல மூடின ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல, மழை பெஞ்சா நிலத்தடில மஞ்சளா எறங்கற தண்ணி, அங்க இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டு எண்ணோட வித்தியாசம் பாடப்புத்தக விஷயமே இல்ல. நம்ம குடிநீர் தரத்துல மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் அனுமதி.

இரும்புலயும் இப்டி உண்டு. ரத்தத்துல ஹீமோகுளோபின்ல இரும்பு +2-ல இருந்தாத்தான் ஆக்சிஜனைத் தூக்கும், +3 ஆகிட்டா தூக்காது. கீரை சாப்பிட்டா மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோன்னு சொல்றதுலயும் இது இருக்கு, அதுல இருக்கற வைட்டமின் சி +3-ஐ +2-க்கு இறக்குது, குடல் உறிஞ்சறதுக்கு +2 சுலபம்.

சரி, எல்லா இடத்துலயும் பட்டா தெளிவா இருக்குமான்னா இல்ல, தகராறு இருக்கற நிலமும் உண்டு. சால்ட் அனாலிசிஸ்ல நைட்ரேட்டுக்கு பிரவுன் ரிங் டெஸ்ட் பண்றோமே, டெஸ்ட் ட்யூப்ல மெல்லிசா ஒரு பழுப்பு வளையம் வரும். அதுல இரும்பு, அஞ்சு தண்ணி, ஒரு நைட்ரிக் ஆக்சைடு, மொத்தம் +2. நைட்ரிக் ஆக்சைடை +1-னு வெச்சா இரும்பு +1, இதுதான் புத்தகத்துல, பரீட்சைக்கு இதையே எழுதுங்க. ஆனா 2019-ல அந்தப் பழுப்புப் பொருளைப் படிகமா எடுத்து ஆராஞ்சவங்க, இரும்பு +3, நைட்ரிக் ஆக்சைடு -1-னு பாக்கறதுதான் பொருந்துதுன்னு சொன்னாங்க. ரெண்டையும் கூட்டினா அதே +2. இரும்புக்கும் நைட்ரஜனுக்கும் நடுவுல இருக்கற எலக்ட்ரான் யார் பேர்லன்னு கூட்டல் கணக்கால தீர்ப்பு சொல்ல முடியாது. இந்த மாதிரி தகராறு நெறைய இருக்கறதாலதான் வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயுபாக் 2016-ல ஆக்சிஜனேற்ற நிலைக்கு வரையறையையே திருத்தி எழுதினாங்க, அதோட அடிப்படை நான் மேல சொன்ன அதே பட்டாதான், பிணைப்பை அயனி மாதிரி பாவிச்சா அந்த அணுமேல என்ன மின்சுமை வரும்ங்கறது.

என்கிட்ட படிக்கற ஒரு பையனோட அப்பா அம்பத்தூர்ல ஒரு பிளேட்டிங் பட்டறைல கழிவுநீர் தொட்டியைப் பாத்துக்கறார். போன மாசம் பையனைக் கூட்டிட்டுப் போக வந்தவர், போர்டுல குரோமியம் +6, +3-னு எழுதியிருந்ததைப் பாத்துட்டு நின்னுட்டார். "மேடம், இதான் நாங்க தினம் பண்றது, மஞ்சத் தண்ணிய பச்சையாக்கி சுண்ணாம்பு போட்டு அடில தங்க வெப்போம், ஆனா எவ்ளோ போடணும்னு பழைய ஆள் சொன்ன கணக்குதான், முன்ன அன்னபேதி போட்டோம், இப்ப மெட்டாபைசல்ஃபைட்"னார். பையனையே போர்டுக்குக் கூப்பிட்டேன். குரோமியம் +6-லேருந்து +3, மூணு எலக்ட்ரான் வேணும். அன்னபேதின்னா ஃபெர்ரஸ் சல்ஃபேட், அதுல இருக்கற இரும்பு +2-லேருந்து +3, ஒண்ணுதான் குடுக்கும், அப்ப ஒரு குரோமியத்துக்கு மூணு இரும்பு. அன்னபேதியோட மூலக்கூறு எடை ஏழு தண்ணியோட சேத்து 278, மூணுக்கு 834, குரோமியம் 52, வகுத்தா ஒரு கிலோ குரோமியத்துக்கு சுமார் 16 கிலோ. சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டுல ரெண்டு சல்ஃபர், ஒவ்வொண்ணும் +4-லேருந்து +6, மொத்தம் நாலு எலக்ட்ரான், எடை 190, அதனால ஒரு குரோமியத்துக்கு முக்கால் பங்கு போதும், ஒரு கிலோவுக்கு சுமார் 2.7 கிலோ. இது காகிதக் கணக்கு, தொட்டில ஆசிட் சரியா இருக்கணும், காத்துல கொஞ்சம் வீணாகும், அதனால கூடத்தான் போடுவாங்கன்னு நானும் சொன்னேன். அவர் கைல இருந்த பையனோட பேகைக் கீழ வெச்சுட்டு போர்டையே பாத்துட்டு இருந்தார். "அந்த மூணு இரும்பு எங்க மேடம் போகும்?" சுண்ணாம்பு போட்டதும் அதுவும் குரோமியத்தோட சேந்து அடில தங்கும்னேன்.

"அதான் அப்ப தொட்டில சேறு அவ்ளோ வந்துச்சா"ன்னு மகனைப் பாத்தார்.